பன்னிரண்டு பேர்

பிலடெல்பியாவுக்குக் குடிவந்து பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மறு ஆண்டில், ஜூரிப் பணிக்கு, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்கார, வரும்படி எனக்கு அழைப்பாணை வந்தது. முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 9 டாலர் படி என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். நான் வளர்ந்த இந்தியாவில் ஜூரி என்பது பழைய திரைப்படங்களில் மட்டுமே பார்த்த ஒன்று; 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு அது நம் குற்றவியல் நீதிமன்றங்களை விட்டுப் போய்விட்டது. ஆகவே, முன்பின் அறியாத பதினொரு பேருடன் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, எங்களில் யாருக்கும் தெரியாத ஓர் இளைஞனின் அடுத்த சில ஆண்டுகளைப் பற்றி முடிவெடுக்க வேண்டியிருந்தபோது எனக்குக் கை நடுங்கியது. அறைக்கு வெளியே ஒரு காவலர் நின்றார். உள்ளே காபியும் தண்ணீரும் இருந்தன. மதியம் உணவுக்கு விட்டார்கள். தீர்ப்பைச் சொன்ன பிறகு நீதிபதி எங்களுக்கு நன்றி கூறி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

வெளியே வந்தபோது எதிரே நகர மண்டபக் கோபுரத்தின் உச்சியில், பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னின் வெண்கலச் சிலை நின்றுகொண்டிருந்தது. 37 அடி உயரம். தலையில் அகன்ற விளிம்புத் தொப்பி. கையில் ஒரு சாசனம். நாள்தோறும் அதன் கீழே நடந்து வேலைக்குப் போனவன்தான் நான். ஆனால் நாங்கள் பன்னிரண்டு பேர் யாருக்கும் அஞ்சாமல் ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு திரும்ப முடிந்ததற்கும் அந்த மனிதருக்கும் நேரடியான தொடர்பு உண்டு என்பது அன்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு சில ஆண்டுகளாக அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன். படிக்கப் படிக்க அவர்மீது மதிப்பும் பெருகியது, மனவருத்தமும் பெருகியது. இரண்டையும் ஒருசேர எழுதிவிட வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

பென் 1644-இல் லண்டனில் பிறந்தவர். தந்தை பெயரும் வில்லியம் பென்தான்; கடற்படைத் தளபதி. 1655-இல் ஸ்பானியர்களிடமிருந்து ஜமைக்காவைக் கைப்பற்றிய கப்பற்படை அவருடைய தலைமையில் சென்றது. 1660-இல் இரண்டாம் சார்லஸ் மன்னரை ஹாலந்திலிருந்து இங்கிலாந்துக்கு அழைத்து வந்த கப்பலில் அவரும் இருந்து, அதற்காகச் சர் பட்டமும் பெற்றார். மகனை அரசவையில் பெரிய ஆளாக்கிப் பார்க்க வேண்டும் என்பது தந்தையின் கனவு. மகனோ அரசத் திருச்சபையின் வழிபாட்டு முறைக்கு உடன்படாததால் 1662-இல் ஆக்ஸ்போர்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். பிரான்சுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். சட்டம் படிக்க வைத்தார்கள். அயர்லாந்திலிருந்த குடும்ப நிலங்களைக் கவனிக்க அனுப்பியபோது, அங்கே கார்க் நகரில் நடந்த, குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரின் கூட்டம் ஒன்றில் தாமஸ் லோ என்பவரின் பேச்சைக் கேட்டு மனம் முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். அப்போது அவருக்கு 22 வயது.

குவேக்கர்கள் தங்களை நண்பர்கள் என்றே அழைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இறைவனின் ஒளி இருக்கிறது, அதை அடையக் குருமார் தேவையில்லை என்பது அவர்களின் அடிப்படை. சத்தியப் பிரமாணம் எடுக்க மாட்டார்கள். எப்போதும் உண்மை பேசுகிறவனுக்குத் தனியாகச் சத்தியம் எதற்கு என்பார்கள். ஆயுதம் ஏந்த மாட்டார்கள். யார் முன்னாலும் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள். இவற்றோடு இன்னொன்றும் உண்டு. அதைத் தமிழ் வாசகர்கள் மற்றவர்களைவிடச் சட்டென்று புரிந்துகொள்வார்கள் என நினைக்கிறேன். நம்முடைய நீ, நீங்கள் என்பவற்றைப் போல அக்கால ஆங்கிலத்திலும் எதிரில் இருப்பவரை அழைக்க இரண்டு சொற்கள் இருந்தன. மேலிடத்தாரிடம் ‘யூ’, கீழிடத்தாரிடம் ‘தௌ’. குவேக்கர்கள் எல்லோரையும் ‘தௌ’ என்றே அழைத்தார்கள். தந்தையை, நீதிபதியை, பிரபுவை நீ என்று அழைக்கும் ஒரு மகனை மனக்கண்ணில் நிறுத்திப் பார்த்தால், தளபதி ஏன் அவரை வீட்டை விட்டு விரட்டினார் என்பது விளங்கும்.

1668-இல் எழுதிய ஒரு சமயப் பிரசுரத்துக்காக லண்டன் டவர் சிறையில் ஏறத்தாழ எட்டு மாதங்கள் அடைத்தார்கள். கருத்தை மாற்றிக்கொண்டால் விடுதலை என்றபோது, சிறையே எனக்குக் கல்லறையானாலும் அணுவளவும் அசைய மாட்டேன், என் மனச்சாட்சியை நான் எந்த மனிதனுக்கும் கடன்படவில்லை என்று பதில் சொன்னார். ஆனால் அவர் பெயரை என்றென்றும் நிறுத்திய நிகழ்வு இரண்டாண்டுகள் கழித்து நடந்தது.

1670 ஆகஸ்ட் 14, ஞாயிற்றுக்கிழமை. வீட்டாரைத் தவிர ஐந்து பேரோ அதற்கு மேலோ அரசத் திருச்சபைக்கு வெளியே வழிபாட்டுக்குக் கூடினால் குற்றம் என்று அந்த ஆண்டுதான் புதிய சட்டம் வந்திருந்தது. லண்டன் கிரேஸ்சர்ச் தெருவிலிருந்த குவேக்கர் கூடத்தின் கதவை மறித்துப் படைவீரர்கள் நின்றார்கள். பென் தெருவிலேயே நின்று பேசத் தொடங்கினார். அவரும், வில்லியம் மீட் என்ற துணி வணிகரும் கைதானார்கள். சட்டவிரோதமாகக் கூட்டம் கூட்டி அமைதியைக் குலைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

செப்டம்பர் தொடக்கத்தில் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் விசாரணை. இருவரும் தொப்பியில்லாமல் உள்ளே வந்தார்கள். விசாரணைக்குத் தலைமை தாங்கிய லண்டன் மேயர் ஓர் அலுவலரை அழைத்து அவர்கள் தலையில் தொப்பியை வைக்கச் சொன்னார். தொப்பி வைக்கப்பட்டது. உடனே, நீதிமன்றத்துக்குள் தொப்பி அணிந்திருந்ததற்காக ஆளுக்கு 40 மார்க் அபராதம் விதிக்கப்பட்டது. என்மேல் எந்தச் சட்டத்தின்படி குற்றம் சாட்டியிருக்கிறீர்கள் என்று பென் கேட்டார். பொதுச் சட்டத்தின்படி என்றார் ரெக்கார்டர் என்னும் நகர நீதி அதிகாரி. எங்கே அந்தச் சட்டம், பொதுவான சட்டமென்றால் அதை எடுத்துக் காட்டுவது இவ்வளவு கடினமாக இருக்கக் கூடாதே என்று திருப்பிக் கேட்டார் பென். அவரை இழுத்துக்கொண்டு போய் நீதிமன்றத்தின் மூலையிலிருந்த கூண்டுக்குள் தள்ளினார்கள். அங்கிருந்தே குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு 26 வயதுகூட நிறையவில்லை.

ஜூரிகள் பன்னிரண்டு பேர். அவர்களுள் எட்வர்ட் புஷெல் என்பவர் இருந்தார். முதலில் அவர்கள் கொண்டுவந்த தீர்ப்பு: பென் கிரேஸ்சர்ச் தெருவில் பேசிய குற்றத்தைச் செய்தார். அவ்வளவுதான். சட்டவிரோதமான கூட்டத்தில் என்று சேர்க்கச் சொல்லி நீதிமன்றம் மிரட்டியது; அவர்கள் சேர்க்க மறுத்தார்கள். நீதிமன்றம் ஏற்கும் தீர்ப்பு வரும்வரை உணவு, நீர், நெருப்பு, புகையிலை எதுவுமில்லாமல் பூட்டி வைப்போம், பட்டினி கிடந்தாவது தீர்ப்பைச் சொல்லியே ஆகவேண்டும் என்றார் ரெக்கார்டர். நீங்கள் ஆங்கிலேயர்கள், உங்கள் உரிமையை விட்டுக்கொடுத்து விடாதீர்கள் என்று பென் அவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார். ஒருநாளும் மாட்டோம் என்றார் புஷெல். இரண்டு இரவுகள் அவர்களைப் பூட்டி வைத்தார்கள். சிறுநீர் கழிக்க ஒரு பாத்திரம்கூடக் கொடுக்கவில்லை. கடைசியாக வெளியே வந்தபோது அவர்கள் சொன்ன தீர்ப்பு: குற்றவாளிகள் இல்லை.

சினம் கொண்ட நீதிமன்றம் ஜூரிகள் ஒவ்வொருவருக்கும் 40 மார்க் அபராதம் விதித்து, கட்டும்வரை நியூகேட் சிறையில் இருக்கும்படி ஆணையிட்டது. தொப்பி அபராதத்தைக் கட்ட மறுத்த பென்னும் மீடும் அதே சிறைக்குத்தான் போனார்கள். சாகும் தறுவாயிலிருந்த தளபதி மகனுக்குத் தெரியாமல் பணம் கட்டி விடுவித்தார். அந்த மாதமே இறந்தும் போனார். புஷெலும் வேறு மூவரும் மட்டும் அபராதம் கட்டாமல் சிறையிலிருந்தபடியே வழக்குத் தொடுத்தார்கள். நவம்பரில் தலைமை நீதிபதி வாகன் தீர்ப்பளித்தார்: மனச்சாட்சிப்படி தீர்ப்புச் சொன்னதற்காக ஜூரிகளைத் தண்டிக்க எந்த நீதிபதிக்கும் அதிகாரம் இல்லை. அன்று எங்கள் அறையில் காபி இருந்ததற்கும், கதவுக்கு வெளியே நின்ற காவலர் எங்களுக்குக் காவலாக நின்றதற்கும் பின்னால் அந்தப் பட்டினி கிடந்த இரண்டு இரவுகள் இருக்கின்றன.

இந்த வழக்கை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பென் அந்தக் கூண்டுக்குள் நின்று கற்றுக்கொண்ட பாடம், நல்லவர்களை நம்பு என்பதன்று. மேயர் நல்லவராக இருந்திருந்தால் வழக்கே வந்திராது. அதிகாரத்தில் இருப்பவர் கெட்டவராக இருக்கும்போதும் எளியவனைக் காப்பாற்ற ஓர் ஏற்பாடு வேண்டும்; அந்த ஏற்பாடு பக்கத்துத் தெருவில் வசிக்கும் பன்னிரண்டு பேரிடம் இருக்கலாம். பிற்காலத்தில் அவர் உருவாக்கியவற்றை இந்த அளவுகோலை வைத்துத்தான் நான் படிக்கிறேன். எங்கெல்லாம் அந்தப் பன்னிரண்டு பேரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார், எங்கெல்லாம் வைக்காமல் விட்டார் என்பதே என் கேள்வி.

தளபதிக்கு அரச கருவூலம் தரவேண்டியிருந்த கடன் சுமார் 16,000 பவுன். 1680-இல் பென் அந்தக் கடனுக்கு ஈடாக அமெரிக்காவில் நிலம் கேட்டார். 1681 மார்ச் 4 அன்று சாசனம் கையெழுத்தானது. ஏறத்தாழ 45,000 சதுர மைல். அதற்குப் பென் நினைத்து வைத்திருந்த பெயர் நியூ வேல்ஸ். பிறகு காட்டைக் குறிக்கும் சில்வேனியா. மன்னர் அதன் முன்னால் தளபதியை நினைத்துப் பென் என்பதைச் சேர்த்தார். தற்பெருமை என்று யாரும் எண்ணிவிடுவார்களோ என்று அஞ்சி அதை மாற்ற முயன்று பென் தோற்றுப்போனார். ஆண்டுதோறும் பீவர் என்னும் நீர்வாழ் விலங்கின் இரண்டு தோல்களை விண்ட்சர் அரண்மனையில் செலுத்துவதும், கிடைக்கும் தங்கம் வெள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு கொடுப்பதும் மன்னருக்கான குத்தகை.

1682-இல் அவர் வெளியிட்ட அரசியல் சட்ட வரைவைப் படிக்கும்போது அந்த ஓல்ட் பெய்லிக் கூண்டு கண்முன் வந்து நிற்கிறது. எல்லா விசாரணைகளும் பன்னிரண்டு பேரால் நடத்தப்பட வேண்டும், அவர்கள் அதே பகுதியைச் சேர்ந்தவர்களாகவும் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சமமானவர்களாகவும் இருக்க வேண்டும் என்று எழுதினார். சத்தியப் பிரமாணம் கட்டாயமில்லை. ஒரே இறைவனை நம்பி அமைதியாக வாழும் எவரும் தம் வழிபாட்டுக்காகத் துன்புறுத்தப்பட மாட்டார்கள். ஆனால் பதவி வகிப்பவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும். மரண தண்டனை ஒன்றிரண்டு குற்றங்களுக்கு மட்டும். சட்டங்கள் ஆளும் இடத்தில், அந்தச் சட்டங்களை ஆக்குவதில் மக்களுக்கும் பங்கிருந்தால், அது எந்த வகை அரசானாலும் சுதந்திர அரசுதான் என்று முன்னுரையில் எழுதினார். அரசியல் சட்டத்தைத் திருத்தவும் வழி வைத்தார். ஏழில் ஆறு பங்கு உறுப்பினர்களும் ஆளுநரும் சம்மதித்தால் மாற்றலாம்.

ஆனால் அதே முன்னுரையில் இன்னொரு வரியும் இருக்கிறது. அரசுகள் கடிகாரங்களைப் போன்றவை, மனிதர் கொடுக்கும் விசையில்தான் ஓடுகின்றன. மனிதர் நல்லவராக இருந்தால் அரசு கெட்டதாக இருக்க முடியாது. ஓல்ட் பெய்லியில் கற்ற பாடத்துக்கு எதிரான வரி இது. பென்னுக்குள் இந்த இரண்டு மனிதர்களும் கடைசிவரை இருந்தார்கள்.

வெல்கம் என்ற கப்பலில் 1682 ஆகஸ்டு இறுதியில் புறப்பட்டார். சுமார் 100 பயணிகள். வழியில் பெரியம்மை கண்டு அவர்களில் ஏறத்தாழ 30 பேர் இறந்தார்கள். அக்டோபர் இறுதியில் டெலவேர் நதிக்கரையில் இறங்கினார். நகருக்குத் தாமஸ் ஹோம் வரைந்த திட்டத்தில் நேர்நேரான தெருக்களும் ஐந்து சதுக்கங்களும் இருந்தன. லண்டன் தீயையும் கொள்ளைநோயையும் கண்டவர் என்பதால் வீட்டுக்கு வீடு தோட்டம் விட்டு, பசுமையான நாட்டுப்புற நகரமாக இது இருக்கட்டும் என்றார். இன்றும் அந்தத் தெருக்களில்தான் நடக்கிறோம்.

அங்கே அவரே தலைமை தாங்கிய ஒரு வழக்கை எண்ணி நான் அடிக்கடி வியப்பதுண்டு. 1684 பிப்ரவரியில் மார்கரெட் மாட்சன் என்ற சுவீடியப் பெண், பசுக்களுக்குப் பால் வற்றும்படி சூனியம் செய்தார் என்று நிறுத்தப்பட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாததால் மொழிபெயர்ப்பாளர் அமர்த்தப்பட்டார். ஜூரிகளின் தீர்ப்பு: சூனியக்காரி என்ற ஊர்ப்பேச்சு இருப்பது உண்மை, ஆனால் குற்றப்பத்திரிகையில் சொல்லியிருக்கிற குற்றத்தை அவர் செய்யவில்லை. நன்னடத்தைக்குப் பிணை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கிரேஸ்சர்ச் தெருவில் பேசியது உண்மை என்று சொன்ன அந்தப் பழைய தீர்ப்பின் சாயல் இதில் அப்படியே இருக்கிறது. எட்டு ஆண்டுகள் கழித்து மாசசூசெட்சில் சேலம் ஊரில் இத்தகைய பேச்சுக்காக மனிதர்களைத் தூக்கில் போட்டார்கள். பென்சில்வேனியாவில் ஒருவரும் சூனியத்துக்காகத் தூக்கிலிடப்படவில்லை.

இனி அந்த மண்ணின் பூர்வகுடிகளான லெனாப்பே மக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். டெலவேர் நதியின் இரு கரைகளும் அவர்களுடையவை. கப்பல் ஏறுவதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே பென் அவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். என் மன்னர் இந்த நாட்டை எனக்குக் கொடுத்திருக்கிறார், ஆனால் உங்கள் அன்போடும் சம்மதத்தோடும்தான் அதை அனுபவிக்க விரும்புகிறேன் என்பது அதன் சாரம். அந்தச் சம்மதம் என்ற சொல்லை அவர் மனப்பூர்வமாகவே எழுதினார். அவர்கள் மொழியைக் கற்க முயன்றார். ஒவ்வொரு தலைவரும் தம் சபையாரைக் கேட்காமல் எதையும் செய்வதில்லை என்பதை மதிப்போடு பதிவு செய்தார். நிலத்துக்கு விலை கொடுத்தார். அவருடைய உறவினர் மார்க்கம் 1682 ஜூலையில் செய்த முதல் கிரயத்தின் பத்திரத்தில் துப்பாக்கி, கோடரி, கெட்டில், சட்டை, கத்தரிக்கோல், சீப்பு என்று நீண்ட பட்டியல் இருக்கிறது. தூண்டில் முள்ளும் ஊசியும் கைப்பிடிக் கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன. மற்றக் குடியேற்றங்களில் நடந்த போர்களோடு ஒப்பிட்டால் இது பெரிய காரியம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எனினும் தேதிகளைக் கூர்ந்து பார்க்க வேண்டும். 5,000 ஏக்கர் 100 பவுன் என்று லண்டனில் அவர் நிலத்தை விற்கத் தொடங்கியது 1681-இல். லெனாப்பேக்களிடமிருந்து முதல் துண்டு நிலத்தை வாங்கியது அதற்கு அடுத்த ஆண்டு.

1681 ஜூலையில் அவர் வெளியிட்ட நிபந்தனைகளில் ஓர் உன்னதமான விதி உண்டு. குடியேறியவருக்கும் அந்த மண்ணின் மக்களுக்கும் இடையே எழும் தகராறுகளைப் பன்னிரண்டு பேர் தீர்க்க வேண்டும். அறுவர் குடியேறியவர்கள், அறுவர் லெனாப்பேக்கள். இதைப் படித்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். பதினேழாம் நூற்றாண்டில் ஒரு குடியேற்ற உரிமையாளர் எழுதியது இது. ஓல்ட் பெய்லியின் பாடத்தை அவர் கடல்கடந்து, மொழி கடந்து, இனம் கடந்து எடுத்துச் சென்றார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இந்த விதி மட்டும் அரசியல் சட்டத்தின் இதயத்தில் வைக்கப்பட்டு, மாற்ற முடியாததாக ஆக்கப்பட்டிருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. அது நடக்கவில்லை. 1682-இல் ஷாக்கமாக்சன் என்ற இடத்தில் ஒரு பெரிய எல்ம் மரத்தடியில், டமானெண்ட் உள்ளிட்ட தலைவர்களோடு பென் நட்பு உடன்படிக்கை செய்துகொண்டதாக மரபு சொல்கிறது. எழுத்து வடிவில் அந்த உடன்படிக்கை இல்லை. சத்தியம் செய்யாமலே செய்யப்பட்டு, ஒருபோதும் மீறப்படாத ஒரே உடன்படிக்கை என்று பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் அதைப் புகழ்ந்தார்.

அந்த மரம் 1810-இல் புயலில் சாய்ந்தது. இன்று அவ்விடத்தில் ஒரு சிறு பூங்காவும் 1827-இல் நட்ட கல்தூணும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு அங்கே போவது வழக்கம். பென் குடும்பம் பல தலைமுறை பாதுகாத்து, 1857-இல் பிலடெல்பியாவுக்குத் திருப்பிக் கொடுத்த வம்பம் பட்டை ஒன்று உண்டு; லெனாப்பேக்கள் அந்த உடன்படிக்கையின் அடையாளமாகக் கொடுத்தது என்று குடும்பத்தில் சொல்லிவந்தார்கள். சிப்பியிலிருந்து செதுக்கிய வெண்மணிகளைக் கோத்த பட்டை. நடுவே கருமணிகளால் இரண்டு மனித உருவங்கள், கைகோத்து நிற்கின்றன. இருவரில் ஒருவர் தலையில் மட்டும் தொப்பி. அதைக் கோத்த கைகள் தொப்பிக்காரனையும் தங்களையும் ஒரே உயரத்தில் கோத்திருக்கின்றன.

பென் இருந்தவரை அந்த நட்பு நிலைத்தது. ஆனால் அவர் பென்சில்வேனியாவில் இருந்தது மொத்தம் நான்கு ஆண்டுகள்கூட இல்லை. எல்லைத் தகராறில் மேரிலாந்தின் பால்டிமோர் பிரபுவுக்கு எதிராக வாதாட 1684-இல் இங்கிலாந்து திரும்பினார். அதன் பிறகு அரசியல் அவரை விழுங்கியது. தளபதியின் நண்பரான யார்க் கோமகன் ஜேம்ஸ் 1685-இல் மன்னரானார். கத்தோலிக்க மன்னருக்கும் குவேக்கருக்கும் இருந்த நெருக்கத்தை லண்டன் சந்தேகத்தோடு பார்த்தது. அந்த நெருக்கத்தால் 1686-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குவேக்கர்கள் சிறையிலிருந்து விடுதலையானார்கள். மறு ஆண்டு மத சகிப்பு ஆணை வெளிவந்தது. ஆனால் அது நாடாளுமன்றத்தைக் கேட்காமல் மன்னர் தம் விருப்பப்படி கொடுத்த சலுகை. மக்கள் பங்கில்லாத சட்டத்தை எதிர்த்து எழுதியவர், நல்ல நோக்கம் என்பதற்காக ஒரு மன்னரின் தனிக் கருணையை நம்பினார். 1688-இல் மன்னர் ஓடிப்போனதும் பென் ராஜத்துரோகச் சந்தேகத்துக்கு ஆளாகி, கைதாகி, பிறகு தலைமறைவாக வாழ்ந்தார். 1692 முதல் 1694 வரை குடியேற்றத்தின் ஆட்சியே அவர் கையை விட்டுப் போயிற்று. அந்த ஒளிவு வாழ்க்கையின்போதுதான் ஐரோப்பிய நாடுகள் சண்டையை விட்டுவிட்டு ஒரு பொதுச் சபையில் அமர்ந்து தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற திட்டத்தை 1693-இல் எழுதினார்.

கடல் கடந்த அவருடைய மாகாணமோ அவர் சொல் கேட்கவில்லை. நிலவரி வந்து சேரவில்லை. சபைக்கும் ஆளுநருக்கும் ஓயாத சண்டை. கடவுளின் பொருட்டு, என் பொருட்டு, அந்த ஏழை நாட்டின் பொருட்டு இவ்வளவு அரசியல் செய்யாதீர்கள் என்று கடிதத்தில் மன்றாடினார். 1699 இறுதியில் திரும்பி வந்தவர், 1701 அக்டோபர் 28 அன்று உரிமைச் சாசனத்தை வழங்கிச் சட்டமியற்றும் அதிகாரத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே சபையிடம் ஒப்படைத்தார். தம் அதிகாரத்தைத் தாமே குறைத்துக்கொண்ட அந்தக் கையெழுத்து 1776 வரை நின்றது.

அதற்கு முந்தைய ஆண்டு, அவர் நேரில் ஆளுநராக இருந்தபோது நிறைவேறிய இன்னொரு சட்டம் இருக்கிறது. அதை எழுதும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. 1700-ஆம் ஆண்டின் நீக்ரோக்கள் விசாரணைச் சட்டம். கறுப்பின மக்கள்மீது கடுமையான குற்றம் சாட்டப்பட்டால் அவர்களுக்கு ஜூரி கிடையாது. இரண்டு நீதிபதிகளும் அக்கம்பக்கத்து நிலச்சுவான்தார்கள் அறுவரும் உட்கார்ந்து தீர்ப்பளிப்பார்கள். லெனாப்பேக்களுக்காக எழுதிய ஆறும் ஆறும் பன்னிரண்டில், எதிர்ப்பக்கத்து அறுவரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இதுதான். அந்தச் சட்டத்தின் தலைப்பில் ஆளுநராக இருப்பது, நீங்கள் ஆங்கிலேயர்கள், உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள் என்று கூண்டிலிருந்து குரல் கொடுத்த அதே மனிதரின் பெயர்.

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தானே என்று சிலர் சொல்வார்கள். அவருடைய மாகாணத்திலேயே எல்லோரும் அப்படியில்லை. 1684-இல் இசபெல்லா என்ற கப்பல் 150 ஆப்பிரிக்கர்களை பிலடெல்பியாவில் இறக்கியபோது, காடு வெட்டிக்கொண்டிருந்த குடியேறிகள் அவர்களை விரைந்து வாங்கினார்கள். நான்கே ஆண்டுகளில், 1688-இல், ஜெர்மன்டவுனில் பாஸ்டோரியஸ் உள்ளிட்ட நால்வர் அடிமைமுறையை எதிர்த்து ஒரு மனு எழுதிக் கையெழுத்திட்டார்கள். உங்களுக்குச் செய்யப்பட வேண்டுமென நீங்கள் விரும்பாததைப் பிறருக்குச் செய்யலாமா என்று கேட்டார்கள். உங்களுக்கு அவர்களை அடிமையாக வைத்திருக்க எவ்வளவு உரிமை உண்டோ, அவ்வளவு உரிமை தம் விடுதலைக்காகப் போராட அவர்களுக்கும் இல்லையா என்று கேட்டார்கள். அந்த மனு குவேக்கர்களின் மாதக் கூட்டத்திலிருந்து காலாண்டுக் கூட்டத்துக்கும், அங்கிருந்து ஆண்டுக் கூட்டத்துக்கும் அனுப்பப்பட்டு, முடிவு சொல்லப்படாமல் ஓரம் கட்டப்பட்டது. பென்னோ 1685-இல் தம் பண்ணை மேலாளருக்கு எழுதிய கடிதத்தில், வேலையாட்கள் கறுப்பர்களாக இருந்தால் நல்லது, அவர்கள் உயிரோடிருக்கும்வரை நம்மிடம் இருப்பார்கள் என்று எழுதியிருந்தார். கறுப்பின மக்களுக்காக வழிபாட்டுக் கூட்டம் நடத்த வேண்டும் என்று 1700-இல் நண்பர்களிடம் வற்புறுத்தியவரும் அவர்தான். அவர்களுடைய ஆன்மாவைப் பற்றிக் கவலைப்பட்டார். விடுதலையை மட்டும் தம் சொந்த நல்லெண்ணத்தின் பொறுப்பில் வைத்துக்கொண்டார்.

நல்லெண்ணத்தை நம்பியது அவரையும் கெடுத்தது. லண்டனில் அவருடைய கணக்குகளைப் பார்த்துக்கொண்ட பிலிப் ஃபோர்டும் ஒரு குவேக்கர்தான். அவர் நீட்டிய தாள்களிலெல்லாம் பென் சரியாகப் படிக்காமல் கையெழுத்திட்டார். அப்படிக் கையெழுத்திட்ட பத்திரம் ஒன்றில் பென்சில்வேனியா முழுவதும் ஃபோர்டுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. ஃபோர்டு இறந்த பிறகு அவர் குடும்பம் வழக்குப் போட்டது. 1708-இல் பென் கடனாளிச் சிறைக்குப் போனார். நண்பர்கள் 7,600 பவுன் திரட்டி மீட்டார்கள். 1712-இல், ஆட்சியுரிமையை அரசிக்கு 12,000 பவுனுக்கு விற்கப் பேசிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் தாக்கியது. ஆறு ஆண்டுகள் நினைவு தடுமாறிய நிலையில் வாழ்ந்து, 1718 ஜூலை 30 அன்று இறந்தார். அந்த ஆண்டுகளிலும், 1726-இல் தாம் இறக்கும்வரையிலும் மாகாணத்தைக் கட்டிக்காத்தவர் இரண்டாம் மனைவி ஹன்னா.

மகன்கள் வந்தார்கள். தந்தையின் சமயத்தைத் தாமஸ் பென் விட்டுவிட்டார். 1686-இல் எழுதியது என்று ஒரு பத்திரத்தின் நகலைக் காட்டி, ஒன்றரை நாளில் ஒருவர் நடக்கும் தூரம்வரை லெனாப்பேக்கள் நிலத்தை விட்டுத்தர வேண்டும் என்றார்கள். 1737 செப்டம்பர் 19 விடியற்காலையில் மூன்று பேர் கிளம்பினார்கள். பாதை முன்கூட்டியே வெட்டப்பட்டிருந்தது. சாப்பாட்டைச் சுமந்து குதிரைகள் கூட வந்தன. இருவர் இடையில் சுருண்டு விழ, எட்வர்ட் மார்ஷல் மட்டும் சுமார் 65 மைல் போய் நின்றார். அங்கிருந்து நதிக்குக் கோடு போடும்போது, அதையும் தங்களுக்குச் சாதகமாகச் சாய்த்துப் போட்டு, ஏறத்தாழ 1,200 சதுர மைலை எடுத்துக்கொண்டார்கள். லெனாப்பேக்கள் முறையிட்டார்கள். ஆறு பேர் இந்தப் பக்கம், ஆறு பேர் அந்தப் பக்கம் என்று உட்கார்ந்து கேட்க யாரும் இல்லை. 1742-இல் இன்னொரு பூர்வகுடிக் கூட்டமைப்பான இரோக்குவாவின் தலைவர்களை வரவழைத்து, லெனாப்பேக்களை வெளியேறச் சொல்ல வைத்தார்கள். 1755-இல் எல்லைப்புறத்தில் வீடுகள் எரியத் தொடங்கின. மறு ஆண்டு ஆளுநர் போர் அறிவித்துத் தலைத்தோலுக்கு விலை வைத்தபோது, குவேக்கர்கள் சிலர் சபையிலிருந்து விலகினார்கள்.

ஜூரியின் சுதந்திரம் நிற்கிறது. 1701 சாசனம் எழுபத்தைந்து ஆண்டுகள் நின்றது. லெனாப்பேக்களின் நிலம் போயிற்று. பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் அடிமை வைத்திருப்பதை நண்பர்களுக்குத் தடைசெய்ய 1776 ஆயிற்று. ஜெர்மன்டவுன் மனுவுக்கு 88 ஆண்டுகள் கழித்து.

சென்ற இலையுதிர்காலத்தில் பென்ஸ்பரிக்குப் போயிருந்தோம். டெலவேர் நதி வளையும் இடத்தில் அவர் கட்டிய பண்ணை வீடு அது. பழையது இடிந்துபோக, 1930-களில் அதே இடத்தில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். சாம், சூ, யாஃப் என்னும் பெயர்கள் கொண்ட அடிமைகள் அந்தப் பண்ணையில் வேலை செய்தார்கள். படகுத்துறையிலிருந்து வீடுவரை நடந்து பார்த்தேன். கடைசி உயிலில் அவர்களுடைய விடுதலையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனால் 1701-இல், பென்சில்வேனியாவை விட்டுக் கடைசியாகக் கிளம்பும்போது, அவர் வேறோர் உயில் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். கறுப்பின அடிமைகளுக்கு விடுதலை என்று அதில் எழுதியிருந்தார். முதிய சாமுக்கு 100 ஏக்கர் நிலம் என்று எழுதியிருந்தார். அவனும் அவன் மனைவியும் இறந்த பிறகு அது அவன் பிள்ளைகளுக்கு, ஆண்டுக்கு ஒரு புஷல் கோதுமை வாரத்துக்கு, என்றென்றைக்கும் என்று எழுதியிருந்தார்.